பாய்சன் ஐவி பட்டுவிட்டதா? முதல் பத்து நிமிடத்திலிருந்து மூன்றாவது வாரம் வரை

அமெரிக்காவில் தோட்டத்தோடு வீடு வாங்கியவர்கள் முதல் வசந்தத்திலேயே செய்கிற வேலை ஒன்று உண்டு. வேலியோரம் மண்டிக் கிடக்கும் கொடியை வெறுங்கையால் பிடுங்கி எறிவார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து முன்கையில் கோடு கிழித்தாற்போல் தடிப்பு வரும், அதன்மேல் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள், இரவில் தூங்கவிடாத நமைச்சல். பூச்சிக்கடி என்று நினைத்து எதையோ தடவி, அது இன்னும் அதிகமாகி, கடைசியில் யாரோ ஒருவர் "பாய்சன் ஐவியா இருக்கும்" என்று சொல்லும்போது செய்ய வேண்டிய முக்கியமான வேலைக்கு நேரம் கடந்திருக்கும்.

இது முள்ளோ சுணையோ குத்துவதால் வருவதில்லை. செடியின் பாலில் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. இலை, தண்டு, வேர், காய் எல்லாவற்றிலும் அது உண்டு. இலை நசுங்கினாலோ தண்டு முறிந்தாலோ வெளியே கசிந்து தோலில் ஒட்டிக்கொள்ளும். மாங்காய்க் காம்பிலிருந்து வடியும் பால் பட்டு வாயோரம் வெந்துபோனதைப் பார்த்திருப்பீர்கள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ தடவிக்கொண்டு உட்காருவதையும், சேராங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்று பெரியவர்கள் எச்சரித்ததையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மா, முந்திரி, சேராங்கொட்டை, பாய்சன் ஐவி நான்கும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள். வேதிப்பொருள்களும் நெருங்கிய உறவுதான். ஆகவே மாம்பாலோ முந்திரி ஓட்டு எண்ணெயோ உங்களுக்கு ஆகாது என்றால், இந்தச் செடியிடம் இன்னும் கவனமாக இருங்கள்.

உருஷியால் ஓர் எண்ணெய் என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் கீழே சொல்வதில் பாதி தானாகவே விளங்கும். கண்ணுக்குத் தெரியாத வண்டிமை கையில் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீருக்கு அது போகாது. தொட்ட இடமெல்லாம் ஒட்டும். காய்ந்தாலும் அங்கேயே இருக்கும்.

செடியை அடையாளம் காண

ஒரு காம்பில் மூன்று சிற்றிலைகள். நடுச் சிற்றிலையின் காம்பு நீளமாக இருக்கும், பக்கத்து இரண்டும் பொதுக் காம்போடு ஒட்டினாற்போல் இருக்கும். இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்திருக்கும், நேருக்கு நேர் இருக்காது. முள் கிடையாது. இளந்தளிர் செம்மை கலந்து பளபளக்கும், கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் அழகான சிவப்பு அல்லது மஞ்சள். அந்தச் சிவப்பைப் பார்த்துக் கிளையை ஒடித்து ஜாடியில் வைத்தவர்களும் உண்டு. காய்கள் வெண்மையாக, கொத்தாக இருக்கும். மரத்தில் ஏறிய பழைய கொடி என்றால் தண்டு முழுக்க மயிர் மயிராக வேர் விட்டிருக்கும். இலை கொட்டிய குளிர்காலத்தில் அந்த மயிர்த் தண்டுதான் முக்கிய அடையாளம், அப்போதும் எண்ணெய் உண்டு.

ஐந்து சிற்றிலை இருந்தால் அது பெரும்பாலும் வர்ஜீனியா க்ரீப்பர். மூன்று இலையும் முள்ளும் சேர்ந்து இருந்தால் பிளாக்பெர்ரி அல்லது ராஸ்பெர்ரி. மூன்று இலை இருந்தும் அவை தண்டில் எதிரெதிராக அமைந்திருந்தால் பாக்ஸ் எல்டர் மரக்கன்று. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இந்தக் கடைசியில்தான்.

பாய்சன் ஐவி ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே எங்கும் சாதாரணமாகக் காணப்படும். கலிபோர்னியா முதலான மேற்குக் கரைப் பகுதிகளில் அதன் இடத்தில் பாய்சன் ஓக் இருக்கிறது. சதுப்பு நிலங்களில் வளரும் பாய்சன் சுமாக் இன்னொன்று, அதற்கு ஒரு காம்பில் 7 முதல் 13 சிற்றிலைகள் இருக்கும். மூன்றிலும் உள்ள எண்ணெய் ஒரே வகை, செய்ய வேண்டிய முதலுதவியும் ஒன்றே.

முதல் பத்து நிமிடம்

பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்த கணமே வேலையை நிறுத்துங்கள். "இந்த ஒரு மூலையை முடித்துவிட்டு வருகிறேன்" என்பதுதான் பெரும்பாலானவர்களின் தவறு. எண்ணெய் சில நிமிடங்களிலேயே தோலுக்குள் இறங்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் நிறையவே எடுத்துவிடலாம். அரை மணி கடந்தால் எடுக்க முடிவது கொஞ்சம்தான். அதற்காகத் தாமதமாகிவிட்டது என்று கழுவாமல் விடாதீர்கள். நகக்கண்ணிலும் தோலின் மேலும் தங்கியிருப்பது அடுத்து கண்ணுக்குப் போகும்.

கழுவும் முறை இப்படி:

1. முகத்தையோ கண்ணையோ தொடாதீர்கள், மூக்கைச் சொறியாதீர்கள். கழிவறைக்குப் போக வேண்டியிருந்தாலும் முதலில் கை கழுவுங்கள். ஆண்களுக்கு அந்தரங்கப் பகுதியில் இந்தத் தடிப்பு வருவதற்கு இந்த வரிசை மாறுவதே வழக்கமான காரணம்.

2. தோட்டத்துக் குழாய் பக்கத்தில் இருந்தால் அங்கேயே ஓடும் தண்ணீரில் தாராளமாக அலசுங்கள். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

3. பாத்திரம் துலக்கும் சோப்பைக் காய்ந்த கையிலோ லேசாக நனைந்த கையிலோ நேரடியாக ஊற்றித் தேயுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் அந்த சோப்பு இருக்கிறது. பிறகு முகம் துடைக்கும் சிறு துண்டால் ஒரே திசையில் வழித்துத் துடைத்து, அலசுங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு விட்டுப்போகும் இடங்கள். நகக்கண்ணை பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

4. பீர்க்கங்காய் நார், பாத்திரத் தேய்ப்பான் வேண்டாம். தோல் சிராய்த்தால் எண்ணெய்க்கு வழி திறந்ததாகிவிடும்.

5. குளிப்பது ஷவரில்தான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி உட்கார்ந்தால் எண்ணெய் மேலே மிதந்து உடம்பெங்கும் ஒட்டும்.

டெக்னு, ஸான்ஃபெல் என்று இதற்கென்றே கழுவிகள் மருந்துக்கடைகளில் விற்கின்றன. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், உருஷியால் பட்டு 2 மணி நேரம் கழித்து டெக்னு, மெக்கானிக்குகள் கை கழுவப் பயன்படுத்தும் கூப், சாதாரணப் பாத்திர சோப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றுமே தடிப்பைக் குறைத்தன. அவற்றுக்கிடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. விலையில்தான் பெரிய வேறுபாடு. வீட்டில் டெக்னு இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லை என்று கடைக்கு ஓடி அரை மணியை இழக்காதீர்கள்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: பலாப்பால் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவி எடுப்போம். இங்கே அதைச் செய்யாதீர்கள். எண்ணெயில் உருஷியால் கரையும் என்பது உண்மைதான், ஆனால் கரைந்தது கையிலிருந்து தோள்வரை பரவிவிடும். தெரியாமல் தடவியிருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்து, அதைக் குப்பையில் போட்டுவிட்டு, மேலே சொன்னபடி மூன்று முறை சோப்பு போடுங்கள்.

அன்று மாலைக்குள் முடிக்க வேண்டியது

தோலைக் கழுவியதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. காய்ந்த இடத்தில் இந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வீரியம் குறையாமல் இருக்கும். போன கோடையில் பயன்படுத்திய கத்தரியை இந்த மே மாதம் எடுத்ததும் மறுபடி தடிப்பு வருவது அதனால்தான். செடியைப் பார்க்கவே இல்லை, எப்படி வந்தது என்று குழம்புவார்கள்.

வேலை செய்த துணியை வீட்டுக்குள் கூடையில் போடாமல் நேராக வாஷிங் மெஷினில் போடுங்கள். வேறு துணி சேர்க்க வேண்டாம். சுடுதண்ணீர், வழக்கமான டிடர்ஜென்ட், தண்ணீர் நிறைய எடுக்கும் நீளமான சுற்று. துணியைத் தூக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கத்தரி, மண்வெட்டி, அவற்றின் கைப்பிடி எல்லாவற்றையும் மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, துருப்பிடிக்காமல் லேசாக எண்ணெய் பூசுங்கள்.

பிறகு வேலைக்கு நடுவே என்னென்ன தொட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்: ஷூ லேஸ், கைக்கடிகாரப் பட்டை, மூக்குக்கண்ணாடி, செல்போன், கார் ஸ்டியரிங், குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி. ஷூ லேஸைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நாய் வளர்த்தால் அதையும் குளிப்பாட்டுங்கள். நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் அதன் முடியில் ஒட்டிய எண்ணெய் அதைக் கொஞ்சும் குழந்தையின் கன்னத்துக்கு வந்துவிடும். குளிப்பாட்டுகிறவர் நீளமான கையுறை போட வேண்டும்.

தடிப்பு எப்போது வரும், எப்படிப் போகும்

இது ஒவ்வாமை. உடம்பு அந்த எண்ணெயை முன்பே சந்தித்திருந்தால் சில மணி நேரத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்குள் தடிப்பு கிளம்பும். வாழ்நாளில் முதல் முறை என்றால் பத்து நாள், சில சமயம் மூன்று வாரம்கூட ஆகும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "எனக்கு இது ஒன்றும் செய்யவில்லை" என்று தைரியமாக மறுபடி செடியைப் பிடுங்குவது இந்த இடைவெளியில்தான். ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை உண்டு.

நசுங்கிய இலை உரசிய இடத்தில் தடிப்பு கோடாக வரும். அது இதற்கே உரிய அடையாளம். உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டை போல, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகமாகக் கொப்புளம் வந்தால் அக்கியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, சீக்கிரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தோலில் கறுப்பு வார்னிஷ் பூசியது போன்ற புள்ளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடர்த்தியாகப் பட்ட உருஷியால் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது.

கொப்புளத்தில் இருக்கும் நீரில் உருஷியால் கிடையாது. அது உடைந்து வழிந்தாலும் உங்களுக்கும் பரவாது, பக்கத்தில் படுப்பவருக்கும் ஒட்டாது. ஆனாலும் நாளுக்கு நாள் புதிய இடத்தில் தடிப்பு தெரியும். காரணம் இரண்டு. தோல் மெல்லிதான மணிக்கட்டு உட்புறமும் கண்ணிமையும் முதலில் பதில் சொல்லும், தடித்த இடங்கள் தாமதமாகச் சொல்லும். எண்ணெய் குறைவாகப் பட்ட இடமும் தாமதமாகத்தான் கிளம்பும். மற்றொரு காரணம், கழுவாமல் விட்ட ஷூவோ கத்தரியோ திரும்பத் திரும்ப எண்ணெயைக் கொடுத்துக்கொண்டிருப்பது. ஒரு வாரம் கழிந்தும் புதுத் தடிப்பு வந்தால் அந்தப் பொருளைத் தேடுங்கள்.

மருந்தே போடாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானே அடங்கிவிடும். அதுவரை அரிப்பைத் தாங்குவதுதான் பிரச்சினை.

அரிப்பை அடக்க

வீட்டில் செய்யக்கூடியதில் மிகவும் உதவுவது குளிர்ந்த ஈரத்துணி. சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 15 முதல் 30 நிமிடம் போட்டு வையுங்கள், ஒரு நாளில் மூன்று நான்கு தடவை. கொப்புளம் நீர் வடிகிற நிலையில் இது அரிப்பைத் தணிப்பதோடு புண்ணை உலர்த்தவும் செய்யும். பிறகு காலமைன் லோஷன் பூசலாம், கண்ணைச் சுற்றி வேண்டாம்.

ஓட்ஸ் குளியல் உடம்பில் பல இடங்களில் தடிப்பு உள்ளவர்களுக்கு ஏற்றது. கடையில் கொலாய்டல் ஓட்மீல் என்று பொட்டலமாகக் கிடைக்கிறது. வீட்டிலும் செய்யலாம்: சர்க்கரையோ மணமோ சேர்க்காத ஓட்ஸ் ஒரு கப் எடுத்து மிக்ஸியில் மைதா போல் அரையுங்கள். ஒரு மேசைக்கரண்டி மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் போல் வெளுத்தால் பதம் சரி, மாவு அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். வெதுவெதுப்பான தொட்டித் தண்ணீரில் ஓடும் குழாயடியில் தூவி 15 நிமிடம் இருங்கள். எண்ணெய் முன்பே கழுவப்பட்டுவிட்டதால் இப்போது தொட்டியில் உட்காருவதில் ஆபத்தில்லை. தொட்டி வழுக்கும், பெரியவர்களைக் கைப்பிடித்து இறக்குங்கள். எழுந்ததும் துவட்டித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

சீட்டு இல்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு லேசான தடிப்புக்குப் பயன்படும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் வேண்டாம், ஏழு நாளுக்கு மேல் தொடர வேண்டாம், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். கொப்புளம் முழுமையாக வந்தபின் இதன் வீரியம் போதாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து சரியில்லை என்று மேலும் மேலும் அப்புவதில் பயனில்லை.

பெனட்ரில் போன்ற ஒவ்வாமை மாத்திரை இந்த அரிப்பை நேரடியாகத் தணிக்காது. இங்கே அரிப்பைக் கிளப்புவது ஹிஸ்டமின் இல்லை. அது தரும் தூக்கம்தான் இரவில் உதவும். அதை விழுங்கிவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். வயதானவர்களுக்கு அது தலைசுற்றலும் குழப்பமும் தரலாம், மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆனால் பெனட்ரில் களிம்பாகவும் விற்கிறது. அதைத் தடிப்பின்மேல் பூசாதீர்கள். அதுவும், பென்சோகெய்ன் கலந்த மரப்புக் களிம்பும், நியோமைசின் உள்ள, மூன்று ஆன்டிபயாடிக் சேர்ந்த களிம்பும் சிலருக்குத் தாங்களே ஒவ்வாமையைத் தரும். தடிப்பின்மேல் தடிப்பு வந்தால் மருத்துவருக்கே குழப்பமாகிவிடும். எலுமிச்சைச்சாறு, பிளீச், உப்புத்தாள் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், எதுவும் வேண்டாம். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் குளிர்ச்சி தெரியலாம், ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் அரைத்த பச்சிலை என்பது அழுக்கை வைத்துக் கட்டுவதுதான். நீரோடை ஓரத்தில் வளரும் ஜூவல்வீட் என்ற செடியை அமெரிக்க நாட்டு வைத்தியத்தில் சொல்வார்கள். நம் காசித்தும்பையின் உறவு அது. அதைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. சாற்றில் சோப்புத்தன்மை உண்டு என்பதால் கொஞ்சம் உதவலாம், அந்த வேலையைச் சோப்பே நன்றாகச் செய்கிறது.

சுடுதண்ணீரை அரிப்பில் விட்டால் சில மணி நேரம் சொர்க்கமாக இருக்கும் என்பார்கள். உண்மைதான். வீங்கிய தோல் அதன்பின் இன்னும் சிவந்து வறண்டு போவதும் உண்மைதான்.

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். தானாக உடைந்தால் மேல்தோலைப் பிய்க்காமல், சோப்புத் தண்ணீரில் கழுவி, வாஸலின் மெல்லிதாகப் பூசி, ஒட்டாத காஸ் வைத்துக் கட்டுங்கள். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் சொறிந்தாலும் தோல் கிழியாமல் இருக்க அது உதவும்.

மருத்துவரிடம் எப்போது

மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை, கண் திறக்க முடியாத அளவு வீக்கம், செடியை எரித்த புகையை உள்ளிழுத்தது: இவற்றில் எது இருந்தாலும் 911 அல்லது எமர்ஜென்சி. குழந்தை இலையை வாயில் போட்டுவிட்டது என்றால் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1-800-222-1222, இரவும் பகலும் ஆள் இருப்பார்கள்.

முகம், கண்ணோரம், அந்தரங்கப் பகுதி ஆகியவற்றில் தடிப்பு வந்தாலோ, உடம்பில் கால்வாசிக்குப் பரவினாலோ, 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, சீழும் தேன்நிறப் பொருக்கும் தெரிந்தாலோ, மூன்று வாரமாகியும் அடங்காவிட்டாலோ அர்ஜென்ட் கேர் (முன்பதிவில்லாமல் போகக்கூடிய சிறு மருத்துவமனை) போதும். எமர்ஜென்சி வாசலுக்குப் போனால் செலவு பல மடங்கு. லேசான முகத் தடிப்புக்கு வீடியோ ஆலோசனையிலேயே பல மருத்துவர்கள் மருந்து எழுதிவிடுவார்கள். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் இந்தத் தடிப்பு பாடப்புத்தகப் படங்களைப் போல் சிவந்து தெரியாது. கருஞ்சாம்பலாகவோ ஊதாவாகவோதான் தெரியும். எனவே "தோட்ட வேலை செய்தேன், இன்ன தேதியில், கோடு கோடாக வந்தது" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

கடுமையான தடிப்புக்கு வாய்வழி ஸ்டீராய்டு, பெரும்பாலும் பிரெட்னிசோன், கொடுப்பார்கள். இங்கே நாட்கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். 21 மாத்திரை அடுக்கி ஆறே நாளில் முடியும் அட்டை ஒன்று பரவலாக எழுதப்படுகிறது. பாய்சன் ஐவிக்கு அது பல நேரங்களில் போதாது. நான்காம் நாள் நன்றாகிவிட்டது போலிருக்கும், அட்டை முடிந்ததும் தடிப்பு பழைய வேகத்தில் திரும்பும். இதற்கு வழக்கமான காலம் 2 முதல் 3 வாரம், அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே. "ஆறு நாள் போதுமா, நிறுத்தியதும் திரும்பி வந்தால் என்ன செய்வது?" என்று தயங்காமல் கேளுங்கள். அரிப்பு நின்றதும் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். காலையில் சாப்பாட்டோடு எடுத்தால் தூக்கம் கெடாது.

விசிட்டர் விசாவில் வந்த அப்பாவோ அம்மாவோ பொழுது போகாமல் தோட்டத்தில் இறங்குவது வழக்கம். அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இந்த மாத்திரை ரத்தச் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். ரத்த அழுத்தமும் கூடும். மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், மாத்திரை நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.

புண் ஆறியபின் நம் தோல் நிறத்தில் கறுப்புத் தடம் மாதக்கணக்கில் நிற்கும். அது தழும்பு இல்லை, மெல்ல மங்கிவிடும். வெயில் பட்டால் தடம் இன்னும் கறுக்கும், எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன் பூசுங்கள்.

செடியை அப்புறப்படுத்த

தடிப்பு முழுக்க ஆறாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். முன்பு கடுமையாக வந்தவர்கள் இறங்கவே வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள்.

மெல்லிய லேடெக்ஸ் கையுறையை இந்த எண்ணெய் ஊடுருவும். தடித்த வினைல் கையுறை வேண்டும். முழுக்கைச் சட்டை, கையுறைக்குள் செருகிய கைமுனை, காலுறைக்குள் செருகிய பேன்ட். மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும்போது வேரோடு தோண்டுங்கள், மேலே மட்டும் அறுத்தால் மீண்டும் துளிர்க்கும். புல்வெட்டும் நரம்பு மெஷினைக் காட்டாதீர்கள், நசுங்கிய துணுக்குகள் காலெங்கும் முகமெங்கும் தெறிக்கும். மரத்தில் ஏறிய தடித்த கொடியை இழுக்காதீர்கள். தரையருகே இரண்டு இடத்தில் வெட்டி ஒரு துண்டை எடுத்துவிட்டு, மண்ணில் நிற்கும் கட்டையின் வெட்டுவாயில் க்ளைஃபோசேட் அல்லது ட்ரைக்ளோபிர் களைக்கொல்லியை உடனே பிரஷ்ஷால் பூசுங்கள். தெளித்தால் பக்கத்துச் செடியும் சாகும். மேலே தொங்குவது தானாகக் காய்ந்து உதிரும், காய்ந்தபின்னும் வெறுங்கையால் தொடக்கூடாது.

பிடுங்கியதைத் தடித்த குப்பைப் பையில் கட்டி, உங்கள் ஊர் நிர்வாகத்தின் விதியைப் பார்த்து அப்புறப்படுத்துங்கள். பல ஊர்களில் இதைத் தோட்டக் கழிவோடு சேர்க்க விடமாட்டார்கள். உரக்குழியில் போடாதீர்கள். எரிக்கவே எரிக்காதீர்கள், புகையோடு போகும் எண்ணெய் நுரையீரலுக்குள் அதே கொப்புளத்தை உண்டாக்கும், பக்கத்து வீட்டாருக்கும் சேர்த்து. முடிந்ததும் முதலில் கையுறையோடு கையைச் சோப்பு போட்டுக் கழுவி, பிறகு கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்து அதே பையில் போடுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த இடத்தை மறுபடி பாருங்கள். விட்டுப்போன வேரிலிருந்து மூன்றிலையாகத் துளிர் நிச்சயம் எட்டிப்பார்க்கும்.